குடிப்பவரின் கல்லீரலுக்கு எந்தப் பரிசோதனை? ஒரு ஆய்வகப் பணியாளரின் ஒப்பீடு

சித்தப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகள் இன்னும் சித்தியின் மஞ்சள் துணிப்பைக்குள்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அவருக்கு 45 வயதில் எடுத்தது. கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 62, எஸ்.ஜி.பி.டி. 36, காமாலை நிறமியான பிலிருபின் 0.9, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1 லட்சத்து 55 ஆயிரம். எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது, மற்றவை எல்லாம் எல்லைக்குள். அதைப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல சித்தப்பா" என்று சொன்னவள் நான். பதினெட்டு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மூன்று வருடம் கழித்து, தீபாவளிக்கு முந்தின இரவு அவர் ரத்த வாந்தி எடுத்தார். உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தநாளம் வெடித்திருந்தது. கல்லீரல் அதற்கு வெகு முன்பே தழும்பேறிச் சுருங்கிப்போயிருந்தது.

எந்தச் சோதனை எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்ற கேள்வியோடு அதன்பிறகு நிறையப் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன். வீட்டில் தினமும் குடிக்கும் ஒருவர் இருக்கிறார், அவருடைய கல்லீரலைப் பார்க்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் ஏறக்குறைய 60 கிராம். 2023-இல் உலகின் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் கூடி நோய்ப் பெயர்களைத் திருத்தியபோது, ஆணுக்கு நாளொன்றுக்கு 60 கிராம், பெண்ணுக்கு 50 கிராம் என்ற கோட்டைத் தாண்டினால் அதை மதுசார் கல்லீரல் நோய்ப் பிரிவில் வைத்தார்கள். "ஒரு குவாட்டர்தானே" என்று நம்மூரில் சொல்கிறோமே, அந்தக் குவாட்டர் சரியாக அந்தக் கோட்டின்மேல் நிற்கிறது. அதில் பாதியான கட்டிங் மட்டும் போடுகிறவருக்கு 30 கிராம். ஆனால் அவருக்குச் சர்க்கரையும் தொப்பையும் இருந்தால் கொழுப்பும் மதுவும் கைகோத்துக்கொள்ளும். அதற்கென்றே தனிப்பிரிவு உண்டு, அது ஆணுக்கு 30 கிராமில் தொடங்குகிறது. நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

இவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும். நெடுங்காலம் அதிகமாகக் குடிப்பவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குச் சிரோசிஸ் வரை, அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை வரை போகும். அந்த 10, 20 பேர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லீரல் வலிக்காது. காமாலை வரும் வரையோ, வயிற்றில் நீர் கட்டும் வரையோ ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார், வேலைக்குப் போவார், கல்யாணத்தில் பந்தி பரிமாறுவார்.

எல்.எஃப்.டி.: எல்லோரும் எடுப்பது, பலரை ஏமாற்றுவது

சில நூறு ரூபாயில் எந்தத் தெருவிலும் கிடைப்பது இந்தச் சோதனை. அதன் பெயர் ‘கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை’ என்றாலும், எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் காட்டுவது செயல்பாட்டை அல்ல. கல்லீரல் செல்கள் இப்போது எவ்வளவு உடைகின்றன என்பதைத்தான். வீடு எரிந்துகொண்டிருக்கிறதா என்று அது சொல்லும். ஏற்கெனவே எரிந்து கரியாகிவிட்டதா என்று சொல்லாது. தழும்பு முற்றிய கல்லீரலில் எஸ்.ஜி.பி.டி. 30-இல் நிற்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

குடியால் வரும் பாதிப்பில் எஸ்.ஜி.ஓ.டி.தான் எஸ்.ஜி.பி.டி.யைவிட உயரும், பல நேரம் இரண்டு மடங்குக்கு மேல். முற்றிய நோயிலும் 300, 400-ஐத் தாண்டுவது அபூர்வம். மஞ்சள் காமாலைக் கிருமித் தொற்றில் ஆயிரக்கணக்கில் ஏறுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 62 என்பது ஒன்றுமே இல்லாததாகத் தெரியும். சித்தப்பா விஷயத்தில் என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஃபிப்-4: கையில் இருக்கும் எண்களை வைத்தே

இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. 2006-இல், எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காக வெளியான கணக்கு இது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேலே போனால் உடனே கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் சித்தியின் பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45-ஐ 62-ஆல் பெருக்கினால் 2790. 155-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் பெருக்கினால் 930. வகுத்தால் 3.0. தனித்தனியாகப் பார்த்தால் எஸ்.ஜி.பி.டி. எல்லைக்குள், தட்டணுக்கள் எல்லையின் விளிம்பில், எஸ்.ஜி.ஓ.டி. கொஞ்சம் கூடுதல். சேர்த்து வைத்துப் பார்த்தால் எச்சரிக்கை மணி. தழும்பேறிய கல்லீரலைத் தாண்ட முடியாமல் ரத்தம் தேங்கும்போது மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைச் சிறைபிடிக்கும். அதனால்தான் கல்லீரலைப் பற்றிய கணக்கில் தட்டணுக்களுக்கு இடம். மூன்று வருட அவகாசம் அந்தத் தாளிலேயே இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முந்தின வாரம் அதிகமாகக் குடித்தவருக்கு மதுவே எஸ்.ஜி.ஓ.டி.யை ஏற்றும், தட்டணுக்களை இறக்கும். ஆக, தழும்பு இல்லாமலேயே எண் கூடலாம். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது, வயது குறைவாக இருப்பதே எண்ணைக் கீழே இழுத்துவிடும். 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதிலாக 2.0-ஐக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்கிறார்கள். எனவே ஃபிப்-4 ஒரு வாயிற்காவலர் மாதிரி. யாரை உள்ளே அனுப்ப வேண்டும் என்று சொல்லும், அதோடு சரி.

வயிற்று ஸ்கேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘கிரேடு 1 கொழுப்பு’ என்று பாதிப்பேர் ரிப்போர்ட்டில் வருகிறது, யாரும் பொருட்படுத்துவதில்லை. கொழுப்பு கணிசமாகச் சேர்ந்தபிறகுதான் அதில் தெளிவாகத் தெரியும். தழும்பின் ஆரம்பநிலை தெரியவே தெரியாது. சிரோசிஸ் என்று உறுதியானவர்கள் புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள அது கட்டாயம் தேவை. ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அதை நம்பியிருக்க வேண்டாம்.

ஃபைப்ரோஸ்கேன்: ஐந்து நிமிடம், ஊசி இல்லை

பிரான்சில் உருவாகி, 2003-இல் முதல் ஆய்வறிக்கையோடு வெளிவந்த கருவி. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனையை வைத்து மெல்ல ஒரு தட்டு. அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று கருவி அளக்கிறது. பழுத்த மாம்பழத்தையும் காயையும் விரலால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோமே, அதே தத்துவம்தான். இறுகிய கல்லீரலில் அதிர்வு வேகமாக ஓடும். விடை கிலோபாஸ்கல் என்ற இறுக்க அலகில் வரும். தனியார் மையங்களில் சில ஆயிரம் ரூபாய் ஆகும், பெரிய மருத்துவமனைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இல்லையென்று கிட்டத்தட்ட நிம்மதி அடையலாம். இந்தச் சோதனையின் உண்மையான பலம் இதுதான், ‘இல்லை’ என்று சொல்வதில் அது கெட்டி. ‘இருக்கிறது’ என்று சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மருத்துவர்கள் குடிப்பதை நிறுத்திய நோயாளிகளைத் திரும்ப அளந்து பார்த்தார்கள், எஸ்.ஜி.ஓ.டி. இறங்க இறங்க இறுக்கமும் இறங்கியது. தழும்பு மட்டுமல்ல, அழற்சியும் கல்லீரலை இறுக்கும் என்று அதிலிருந்து புரிந்தது. 2018-இல் 1026 நோயாளிகளின் திசுச்சோதனை (ஊசியால் கல்லீரல் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) விவரங்களைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, குடிப்பவர்களுக்குச் சிரோசிஸின் எல்லையை 18.6 கிலோபாஸ்கல் என்று வைத்தது. எஸ்.ஜி.ஓ.டி.யும் பிலிருபினும் கூடியிருந்தால் அந்த எல்லை இன்னும் உயரும் என்றும் சொன்னது. மற்ற கல்லீரல் நோய்களுக்குச் சொல்லப்படும் 12.5 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, விடாமல் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ‘சிரோசிஸ்’ என்று முத்திரை குத்துவது தவறு. ஐரோப்பிய வழிகாட்டுதல் இதற்கு எளிய வழி சொல்கிறது: எண் கூடியிருந்து, ரத்தத்தில் அழற்சியும் தெரிந்தால், குறைந்தது ஒரு வாரம் குடிக்காமலோ குறைத்தோ இருக்கச் செய்து மறுபடி அளக்க வேண்டும்.

போவதற்கு முன் மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடும். வயிற்றில் நீர் கட்டியவருக்கு இது வேலை செய்யாது. உடல் பருமனானவருக்கு வேறு முனை உண்டு, அந்த மையத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே போங்கள்.

இதற்குப் போட்டியாக ஒரு ரத்தச் சோதனை இருக்கிறது, இ.எல்.எஃப். என்று பெயர். தழும்பு உருவாகும்போது ரத்தத்தில் கசியும் மூன்று பொருள்களை அளந்து ஒரே எண்ணாகத் தரும். டென்மார்க்கின் ஓடென்ஸ் நகர மருத்துவர்கள் மது அருந்தும் 289 பேருக்கு இதையும் ஃபைப்ரோஸ்கேனையும் திசுச்சோதனையையும் ஒருசேரச் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். 10.5-க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இல்லையென்று சொல்வதில் இ.எல்.எஃப். ஃபைப்ரோஸ்கேனுக்கு ஈடாக நின்றது. நோயாளியைக் கருவி இருக்கும் இடத்துக்கு அலையவிடாமல், ரத்தத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்பதால் எனக்கு இதன்மேல் ஆசை அதிகம். நம் பக்கத்தில் இது எளிதில் கிடைக்கிற நாள் வந்தால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இன்றைய நிலையில் ஃபைப்ரோஸ்கேனே கைக்கு எட்டுகிறது.

ஊசியால் சதை எடுக்கும் திசுச்சோதனைதான் கடைசித் தீர்ப்பு என்பார்கள். ஆனால் அந்தத் துணுக்கு மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. வேறு நோய் சேர்ந்திருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், அல்லது திடீர்க் காமாலைக்குக் காரணம் புரியாவிட்டால் மருத்துவர் கேட்பார். ஆரம்பப் பரிசோதனையாக யாரும் இதை எடுக்க வேண்டியதில்லை.

இத்தனையையும் வைத்து என் வரிசை இது. தினமும் குவாட்டர் அளவுக்கோ, சர்க்கரையோடு கட்டிங் அளவுக்கோ பல வருடம் குடிப்பவர் என்றால், எல்.எஃப்.டி.யும் தட்டணு எண்ணிக்கையும் எடுத்து ஃபிப்-4 போடுங்கள். 1.3-ஐத் தாண்டினால் ஃபைப்ரோஸ்கேன். 35 வயதுக்குக் கீழே என்றால் ஃபிப்-4-ஐ விட்டுவிட்டு நேராக ஃபைப்ரோஸ்கேன். 1.3-க்குக் கீழே வந்தவரும் குடியைத் தொடர்ந்தால் வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். காமாலை, கால் வீக்கம், கறுப்பு மலம், புத்தித் தடுமாற்றம் இருந்தால் இந்த வரிசை எதுவும் வேண்டாம், மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எண் கையில் வந்தபிறகு

குடிப்பவர் உண்மையைச் சொல்வதில்லை, அதனால் பி.இ.டி.எச். மாதிரி, இரண்டு முதல் நான்கு வாரக் குடியைக் காட்டிக்கொடுக்கும் ரத்தச் சோதனை வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவர் விஷயத்தில் அது நியாயம். வீட்டு மனிதருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் வினாத்தாளைக் குற்றம் சாட்டாத குரலில் கேட்டால் பெரும்பாலோர் பதில் சொல்கிறார்கள். 8 மதிப்பெண் வந்தால் கவனிக்க வேண்டிய குடி. போலீஸ்காரர் மாதிரி ரத்தம் எடுத்தால், அடுத்த முறை அவர் வரவே மாட்டார்.

அடுத்த முறை வர வேண்டும் என்பது எவ்வளவு முக்கியம் என்று புரியவைத்தது ஸ்வீடனின் மால்மோ நகரத்து ஆய்வு. 1983-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடுவயது ஆண்களை உடல்பரிசோதனைக்கு அழைத்து, ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி மிக உயர்ந்திருந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, குடியைக் குறைக்கச் சொல்லி ஒரு கடிதம். இன்னொரு குழுவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே மருத்துவருடன் சந்திப்பு, மாதம் ஒருமுறை செவிலியரிடம் ஜி.ஜி.டி. சோதனை, அந்த எண்ணை எதிரே வைத்துக்கொண்டு பேச்சு. அவ்வளவுதான், மருந்து இல்லை, மாத்திரை இல்லை. கடிதம் போனவர்களுக்கும் ஜி.ஜி.டி. இறங்கத்தான் செய்தது. ஆனால் நேரில் வந்தவர்கள் வேலைக்கு விடுப்பு எடுத்த நாட்களும் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் வெகுவாகக் குறைந்தன. இறந்தவர்கள் எண்ணிக்கை மற்றக் குழுவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி.

ஜி.ஜி.டி. துல்லியம் குறைந்த சோதனை. கொழுப்பாலும் ஏறும், வேறு மாத்திரைகளாலும் ஏறும். அந்தச் சாதாரண எண்ணே ஒரு மனிதர் கையில் திரும்பத் திரும்ப வந்து பேசப்பட்டபோது உயிர் காத்தது. ஆகவே, ஒருமுறை எடுத்துவிட்டுக் கோப்பில் போடப்போகும் ஃபைப்ரோஸ்கேனா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே செவிலியரிடம் பார்க்கும் ஜி.ஜி.டி.யா என்று கேட்டால், நான் இரண்டாவதையே சொல்வேன். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் குடிநோய்ச் சிகிச்சை மையத்திலேயே ஃபைப்ரோஸ்கேன் செய்து, எண்ணை உடனே சொன்னால் குடி குறைகிறதா என்று ஒரு ஆய்வைத் தொடங்கியதும் இந்த எண்ணத்தின் நீட்சிதான். கருவியும் பேச்சும் ஒரே அறையில்.

நிறுத்துவதற்கு மருந்துகளும் இருக்கின்றன. இங்கேயும் ஒப்பிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மூரில் அதிகம் பேசப்படுவது டைசல்ஃபிராம், குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைப்பது. ‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்ற விளம்பரங்களைப் பார்த்து இப்படிப்பட்ட மருந்துகளைச் சாம்பாரில் கலக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் டைசல்ஃபிராம் கல்லீரலையே தாக்கக்கூடியது, கல்லீரல் கெட்டவருக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அகாம்ப்ரோசேட் கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியே போகும். பேக்லோஃபென் சிரோசிஸ் நோயாளிகளிடமே நேரடியாகச் சோதிக்கப்பட்டது. 2007-இல் இத்தாலியில் 84 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 71 சதவீதமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29 சதவீதமும் குடிக்காமல் இருந்தார்கள். சிறுநீரகம் பழுதானவருக்குப் பேக்லோஃபென் மயக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் மருத்துவர் பார்க்காமல் கூடாது. அதேபோல, தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம் தொடங்கி, வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். 14446 என்ற தேசிய இலவச எண்ணில் அருகிலுள்ள சிகிச்சை மையத்தைக் கேட்கலாம். சென்னையில் 1980-இலிருந்து டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இயங்குகிறது.

முற்றியபின் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. கடுமையான மதுசார் கல்லீரல் அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். இங்கிலாந்தில் 1103 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஸ்டோபா ஆய்வில், அது முதல் 28 நாள் இறப்பைச் சற்றுக் குறைத்ததுபோல் தெரிந்தும் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. 90 நாளிலும் ஒரு வருடத்திலும் வித்தியாசமே இல்லை. மாற்று அறுவை சிகிச்சை பலன் தருகிறது. ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் தருவோம் என்ற பழைய விதியைத் தளர்த்தி, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தேர்ந்தெடுத்த 26 பேருக்குச் செய்ததில், ஆறு மாதம் உயிரோடு இருந்தவர்கள் 77 சதவீதம், செய்யாதவர்களில் 23 சதவீதம். இது 2011-இல் வந்த முடிவு. ஆனால் தானக் கல்லீரலுக்குக் காத்திருக்கும் வரிசை நீளம். சித்தப்பாவின் முறை வரவேயில்லை.

சிரோசிஸ் வந்தபிறகு நிறுத்தி என்ன பயன் என்று சித்தப்பாவே கேட்டார். 1968-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு அதற்குப் பதில் வைத்திருக்கிறது: சிரோசிஸ் வந்தும் குடியை விட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள், விடாதவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம். அன்று எனக்கு அது தெரியாது.

அவருடைய மகனுக்கு இப்போது 33 வயது. அவனும் குடிக்கிறான். வயது குறைவென்பதால் ஃபிப்-4 போடாமல் நேராக ஃபைப்ரோஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். 7.2 வந்தது. "அப்போ பயப்பட ஒண்ணுமில்லதானேக்கா?" என்று கேட்டான். நான் அவன் அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தை. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "இன்னிக்கு முத்தின தழும்பு இல்லடா. ஜி.ஜி.டி. 140 இருக்கு. மாசம் பொறந்தா என் லேபுக்கு வா, நானே எடுக்கிறேன்" என்றேன். முதல் மாதம் 131. இரண்டாம் மாதம் வரவில்லை, போன் போட்டு வரவழைத்தேன், 138. மூன்றாம் மாதம் தானாக வந்தான், 97. நாலாவது சாம்பிளுக்கு வருகிற வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.